பத்து நுரையீரல் ஊசிகள்

என் முதல் குழந்தை இரண்டு நாள்கூட இருக்கவில்லை. ஏழாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கம்பெனியில் வேலையில் நிற்கும்போது வலி கண்டது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் நான் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் பீஸை மேஜையில் விரித்து, ஓட்டை உண்டா, தையல் விட்டிருக்கிறதா, அளவு சரியா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. சூப்பர்வைசர் ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏற்றிவிட்டார். என் கணவரின் அக்கா ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் நர்ஸ் என்பதால் ஆட்டோ நேராக அங்கே போயிற்று.

அந்த நர்ஸிங் ஹோமை நடத்துபவர் ஒரு டாக்டரம்மா. எங்கள் பகுதியில் பாதிப் பிள்ளைகள் தன் கையில் விழுந்தவை என்று சொல்லிக்கொள்வார். அன்றைக்கு அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். எனக்கு டிரிப் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். மாலை ஐந்து மணிக்குப் பட்டுப்புடவையோடு வந்தவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல கண்ணு, பாத்துக்கலாம்" என்றார். மறுநாள் காலை குழந்தை பிறந்துவிட்டது. பெண். மூச்சை இழுக்க முடியாமல் நெஞ்சு குழிந்து குழிந்து எழுந்தது. கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். நான் இங்கே கட்டிலில் கிடந்தேன், என் கணவர்தான் கூடப் போனார். அங்கிருந்த குழந்தைகள் டாக்டர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "பிரசவத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு நுரையீரல் ஊசி போட்டாங்களா?" என்பது. அப்படி ஒரு ஊசி இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். போடவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை காலைவரை நான் அந்தக் கட்டிலில்தான் கிடந்தேன், யாரும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தை போய்விட்டது.

அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். நான் பப்பாளி தின்றிருப்பேன். ஸ்கூட்டியில் வேகத்தடையில் குதித்திருப்பேன். கிரகணத்தன்று வெளியே நின்றிருப்பேன். என் சின்ன மாமியார் ஒருத்தி, செக்கிங் டேபிளில் குனிந்து குனிந்து பார்த்ததில் பிள்ளை நசுங்கிவிட்டது என்று கண்டுபிடித்தாள். ஒரு டாக்டர் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனது மட்டும் எவருடைய பட்டியலிலும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் உண்டானேன். இந்த முறை கோயம்புத்தூரில் பார்க்கலாம் என்றார் என் கணவர். நாத்தனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நானு இருக்கற ஆஸ்பத்திரிய உட்டுப்போட்டு வேற எங்கயோ போனா டாக்டரம்மா என்ன நெனப்பாங்க? அவிய மொகத்துல நான் எப்படி முழிக்கறது?" என்றாள். அந்த அம்மாள் என்ன நினைப்பாரோ என்பதற்காக நானும் அங்கேயே போனேன். இதில் மற்றவர்களை ஏளனம் செய்து என்ன பயன்? முதல் ஏளனம் எனக்குத்தான் சேரும். ஒரு பீஸ் கோணலாகத் தைத்து வந்தால் அந்த லைனையே நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுகிறவள், என் சொந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு அதே கையிடம் திரும்பிப் போனேன்.

இருபத்தேழாவது வாரத்தில் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பயந்துபோய் நர்ஸிங் ஹோமுக்கு ஓடினேன். டாக்டரம்மா வயிற்றின் மேல் கை வைத்தார், அவ்வளவுதான். உள்ளே பரிசோதிக்கவில்லை, சிறுநீர் எடுத்துப் பார்க்கவில்லை. "இந்த வாட்டி நம்ம ரிஸ்க்கே எடுக்க வேண்டாம் கண்ணு. நுரையீரல் ஊசி போட்டுடலாம்" என்றார். அன்றைக்கு ஒன்று, இருபத்துநாலு மணி நேரம் கழித்து ஒன்று. இரண்டும் சேர்ந்தால் ஒரு கோர்ஸ்.

ஊசி ஏறும்போது நான் அழுதேன். வலியால் அல்ல. அந்த வெள்ளிக்கிழமை இந்த ஒன்று கிடைத்திருந்தால் என் மூத்தவள் இப்போது நடந்துகொண்டிருப்பாள் என்று தோன்றியது. அந்த முதல் இரண்டு ஊசிகளை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். முன்கூட்டியே பிறந்துவிடும் என்ற பயம் உண்மையாக இருக்கிற நேரத்தில் அது குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்துகிற மருந்து, உயிரைக் காக்கிற மருந்து. என் வெறுப்பெல்லாம் அதற்கு அடுத்த வாரத்திலிருந்து தொடங்குகிறது.

அடுத்த வாரம் வலி இல்லை. சும்மா செக்கப்புக்குத்தான் போனேன். "இன்னொரு கோர்ஸ் போட்டுக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

"இப்ப வலி ஏதும் இல்லீங்களே டாக்டர்?"

"அந்த ஊசியோட பவர் ஏழு நாளைக்குத்தான் கண்ணு. செல்போனுக்கு ரீசார்ஜ் பண்றதில்லையா? அந்த மாதிரி. பிரசவம் ஆகறவரைக்கும் வாரா வாரம் போட்டுட்டே இருக்கோணும்."

என் குழந்தையின் நுரையீரலுக்கு ஏழு நாள் வேலிடிட்டி. நானும் தலையை ஆட்டினேன். படித்தவர் சொல்கிறார், நம் பாஷையில் நமக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறார் என்று பெருமைகூடப் பட்டேன்.

முதல் ஊசியை நர்ஸிங் ஹோமில் போடுவார்கள். மறுநாள் ஊசிக்கு நான் அலைய வேண்டாம் என்று நாத்தனார் வேலை முடிந்து போகிற வழியில் கைப்பையில் மருந்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிப் போடுவாள். போட்டதும் பஞ்சை என் கையில் கொடுத்துவிட்டு, "தேச்சு உடு" என்பாள். அப்புறம் டீ குடித்துவிட்டுப் போவாள். இப்படி இரண்டாவது வாரம், மூன்றாவது வாரம், நான்காவது வாரம்.

என் உடம்பு மாறத் தொடங்கியது. முகம் வட்டமாக உப்பிச் சிவந்தது. தூக்கமே இல்லை. கண்ட நேரத்தில் பசித்தது. சர்க்கரை பார்த்ததில் ஏறியிருந்தது. அதற்கு டாக்டரம்மா சொன்ன வைத்தியம், "அரிசியக் கொறச்சுக்கோங்க" என்பது. இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. என்னை உலுக்கியது வேறு. ஒவ்வொரு முறை ஊசி போட்டதும் குழந்தை அமைதியாகிவிடும். எப்போதும் உதைத்துக்கொண்டிருக்கிற குழந்தை இரண்டு நாள் ஏதோ கோபித்துக்கொண்ட மாதிரி லேசாக மட்டும் புரளும். நான் இடது பக்கம் படுத்து, வயிற்றைத் தட்டி, சில்லென்று தண்ணீர் குடித்துக் காத்திருப்பேன். மூன்றாம் நாள்தான் பழையபடி உதைக்கும். நான்காவது கோர்ஸ் முடிந்ததும் இதைப் போய்ச் சொன்னேன்.

"ஊசி போட்ட ரெண்டு நாளும் கொழந்த அசையறதே கம்மியா இருக்குதுங்க."

"அதெல்லாம் உங்க மனப்பிராந்தி."

"இன்னும் எத்தன வாட்டிங்க போடோணும்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஏங்கண்ணு, நீங்க டாக்டரா, நான் டாக்டரா? போன வாட்டி மாதிரி ஆகிப்போச்சுன்னா, அப்புறம் என்னச் சொல்லக் கூடாது பாத்துக்கோங்க."

போன வாட்டி மாதிரி. என் செத்த குழந்தையை எடுத்து என் முன்னாலேயே மேஜையில் வைத்து என்னை மிரட்டினார். ஐந்தாவது கோர்ஸும் போட்டுக்கொண்டேன். பிற்பாடு யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்த ஊசிகள் எனக்காகவும் அல்ல, என் குழந்தைக்காகவும் அல்ல. போன தடவை ஒன்றுகூடப் போடாததற்குப் பரிகாரமாக, இந்தத் தடவை ஒருவரும் கேள்வி கேட்க முடியாதபடி அந்த அம்மாள் தன் பயத்துக்குப் போட்டுக்கொண்ட ஊசிகள் அவை. இடம் மட்டும் என் இடுப்பு.

முப்பத்திரண்டாவது வாரம். டாக்டரம்மா குடும்பத்தோடு வெளிநாட்டுச் சுற்றுலா போயிருந்தார். ஒரு புதன்கிழமை காலையில் எனக்கு மறுபடியும் அடிவயிற்றில் வலி, கூடவே லேசான குளிர்க்காய்ச்சல். நாத்தனாருக்குப் போன் செய்தேன். அவள் டாக்டரம்மாவுக்கு வாட்ஸப்பில் சொல்லியிருக்கிறாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினாள். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், ஏதோ பாட்டு. நடுவில் டாக்டரம்மாவின் குரல்: "இன்னொரு கோர்ஸ் ஆரம்பிச்சுடு. நான் வந்து பாத்துக்கறேன்."

நாத்தனார் கைப்பையைத் திறந்தாள். "திரும்பி உக்காரு கண்ணு."

"வேண்டாங்க அண்ணி."

"ஏன் வேண்டாம்? டாக்டரம்மாவே சொல்லீட்டாங்கல்ல?"

"என்னப் பாக்காமயே சொல்றாங்க. எனக்கு வேண்டாம். நான் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்."

"அரசாங்க ஆஸ்பத்திரிக்கா? உனக்கென்ன கிறுக்குப் புடிச்சுப்போச்சா?"

அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். என் கணவர் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து அழைத்துப்போனார்.

அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் இருந்தது, காத்திருந்தோம். பெஞ்சில் என் பக்கத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் நிறைமாதமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒன்றை நீட்டினாள். உள்ளே பணியில் இருந்தவர் ஒரு இளைஞர், பேச்சில் மதுரைப் பக்கம் தெரிந்தது. பழைய கதை முழுக்கக் கேட்டார். அப்புறம், "ஸ்டீராய்டு ஊசி, அதான் நுரையீரல் ஊசி, போட்டிருக்காங்களாக்கா?" என்றார்.

"போட்டிருக்காங்கங்க. பத்து."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "பத்து நாளைக்கு முன்னாடியா?"

"இல்லீங்க. பத்து ஊசி. அஞ்சு கோர்ஸ். வாரா வாரம்."

அவர் ஃபைலைக் கேட்டார். கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முதல் பக்கத்தில் ஓரிடத்தில் 'ஊசி போடப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. என்ன மருந்து, எவ்வளவு, என்றைக்கு, எத்தனை முறை, ஒன்றும் இல்லை. எங்கள் சமையலறை வாசலில் போட்டவை எந்தக் காகிதத்திலும் இல்லை.

எனக்கு அந்த இடத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கள் கம்பெனியில் ஒரு தையல் ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்துவார்கள். உடைந்த துண்டுகளைக் காந்தம் வைத்துத் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டி, தேதி, நேரம், மிஷின் நம்பர் எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அங்கிருக்கிற பீஸ் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். எங்கோ இருக்கிற ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் பனியனில் ஊசித் துண்டு போய்விடக் கூடாதே என்று அவ்வளவு கவலை. என் குழந்தைக்குப் போன பத்து ஊசிக்குச் சாட்சி என் இடுப்பு மட்டும்தான்.

அந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. கூட இருந்த மூத்த நர்ஸை அழைத்து, என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே பரிசோதித்தார். ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளந்தார். "வாய் நல்லா மூடித்தான்க்கா இருக்கு. பிரசவ வலியே இல்ல இது" என்றார். சிறுநீர் எடுத்துப் பார்க்கச் சொன்னார். அதில் கிருமி இருந்தது. சிறுநீர்த் தொற்று. மேஜையை விட்டு எழுந்து பாத்ரூம் போனால் பீஸ் கணக்கு குறையுமே என்று காலையிலிருந்து அடக்கி வைக்கிற கம்பெனிப் பெண்களில் யாருக்குத்தான் அது வராது? இருபத்தேழாவது வாரத்து வலியும் அதுவாகத்தான் இருக்கும் என்றார். ஒரு சின்ன டப்பாவில் சிறுநீர் எடுத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

"அப்ப அந்த ஊசியெல்லாம்?" என்று கேட்டார் என் கணவர்.

டாக்டர் ஃபைலை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "ஒரு கோர்ஸ் தேவையானதுதாண்ணே. அத போடலைன்னாத்தான் தப்பு. அதுக்கப்புறம் நிஜமாவே பிரசவம் ஆகப் போகுதுன்னா இன்னொரு தடவ போடுறதா வேணாமான்னு யோசிப்போம். வாரா வாரம் போடுறதில்ல. அடிக்கடி போட்டா குழந்தையோட எடை குறையலாம், தலைச் சுற்றளவு குறையலாம். ஊசி போட்டதும் குழந்தை அசைவு குறைஞ்சிருக்குமே?"

"ரெண்டு நாளைக்குங்க" என்றேன். "மனப்பிராந்தின்னு சொன்னாங்க."

"இல்லக்கா. அது நிஜம். அந்த மருந்து அப்படித்தான் பண்ணும்."

அதைக் கேட்டதும் எனக்கு வந்த அழுகையை எப்படிச் சொல்வது? குழந்தைக்கு ஆபத்து என்று கேட்ட அழுகை அல்ல. என் வயிற்றுக்குள் நடந்ததை நான் சரியாகத்தான் உணர்ந்தேன், எனக்குப் பைத்தியம் இல்லை என்று ஒருவர் சொன்னதற்கு வந்த அழுகை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் வலி போன இடம் தெரியவில்லை.

நாத்தனார் அந்த வார ஞாயிற்றுக்கிழமை சமாதானம் பேச வந்தாள். நான் நேராகக் கேட்டேன். "அண்ணி, இருவது வருசமா நர்ஸா இருக்கறீங்க. வாரா வாரம் போடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். "தெரியும்னு சொல்ல முடியாது கண்ணு. மின்ன ஒரு காலத்துல போட்டுட்டுத்தான் இருந்தாங்க. அப்புறம் ஒரு டிரெய்னிங்ல ஒரு கோர்ஸ் போதும்னாங்க. டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். 'டிரெய்னிங்ல சொல்றவன் வந்து பிரசவம் பாப்பானா'ன்னாங்க. உட்டுட்டேன்."

"என்ற இடுப்புல போடறப்பவுமா உட்டுட்டீங்க?"

அவள் டீயும் குடிக்காமல் எழுந்து போனாள். அவள் மேல் எனக்கு வந்த கோபம் டாக்டரம்மாவின் மேல் வந்ததைவிடப் பெரியது. அந்த அம்மாளுக்கு நான் ஒரு ஃபைல். இவள் என் கல்யாணத்தில் என் தாலிக்கு நாத்திமுடிச்சுப் போட்டவள்.

முப்பத்தெட்டாவது வாரம் முடிகிற நேரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. மறுபடியும் பெண். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். நாள் நிறைந்து பிறந்த குழந்தை, இரண்டு கிலோ நூறு கிராம்தான் இருந்தாள். தலை சின்னதாக, ஒரு கைப்பிடியில் அடங்குகிற மாதிரி. சர்க்கரை இறங்கிவிடாமல் இரண்டு நாள் வைத்துப் பார்த்துக் கொடுத்தார்கள். எடை குறைந்தது ஊசியாலா என்று கேட்டேன். "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுக்கா. அதனால இல்லவே இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார் அந்த மதுரைக்கார டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒரு டாக்டரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் ஆறிப்போயிருப்பேன். குழந்தைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது என் பழைய ஸ்கேன் படங்களை வாங்க அந்த நர்ஸிங் ஹோமுக்குப் போனேன். வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய போர்டு. 'குறைமாத ஆபத்தை வென்ற எங்கள் குட்டி நட்சத்திரங்கள்' என்று தலைப்பு. கீழே வரிசையாகக் குழந்தைகளின் படம். மூன்றாவது வரிசையில் என் மகள், மஞ்சள் தொப்பியோடு. நாத்தனாரும் இருக்கிற எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்ட படம்.

டாக்டரம்மா அப்போது அறையிலிருந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க கண்ணு. பாப்பா போட்டோவப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. என்ற புள்ள முப்பத்தெட்டு வாரத்துல பொறந்தவளுங்க. எங்கீங்க கொறமாசம்?"

"நம்ம ட்ரீட்மெண்ட்டாலதான கண்ணு அத்தன வாரம் தாங்குச்சு?"

"அந்த ஊசி நுரையீரலுக்குன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. வயித்துல தங்க வெக்கறதுக்கா போட்டீங்க? எனக்கிருந்தது சிறுநீர்த் தொற்றுங்க டாக்டர். நீங்க ஒரு வாட்டிகூட யூரின் பாக்கல."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். டோக்கன் எழுதுகிற பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். டாக்டரம்மாவின் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "உள்ள வந்து பேசுங்க" என்றார்.

"உள்ள பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

போர்டில் குத்தியிருந்த குண்டூசியைப் பிடுங்கி என் மகளின் படத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். "என்ற பெரிய புள்ள போட்டோவும் வேணும்னா தாரேனுங்க. அதையும் ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்குப் போட்டோ கிடையாது. எடுக்கிற அளவுக்கு அவள் இருக்கவில்லை.

பிறகு மருத்துவ அதிகாரிகளுக்கு ஒரு புகார் எழுதினேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஃபைலில் ஒன்றும் எழுதாததால் ஊசி போட்டதற்கே ஆதாரம் இல்லை என்று ஆயிற்று. எழுதாமல் இருப்பதில் இவ்வளவு சௌகரியம் இருக்கிறது.

என் மகளுக்கு இப்போது நான்கு வயது. வயதுக்குக் கொஞ்சம் ஒல்லி. அங்கன்வாடியில் எடை பார்க்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்து நிற்பாள், அப்படி நின்றால் எடை கூடும் என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். வாய் ஓயாது. நன்றாக இருக்கிறாள்.

நாத்தனார் நான்கு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. போன மாதம் மகளின் காதுகுத்துக்கு வந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். அவிநாசிபாளையத்திலிருந்து ஒரு பெண் வருகிறாளாம், மூன்றாவது வாரமாக அதே ஊசி. டாக்டரம்மா போடச் சொன்னபோது நாத்தனார், "மருந்து பேரு, தேதி, எத்தனாவது கோர்ஸ்னு ஷீட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க டாக்டர், போடறேன்" என்று கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா முறைத்தாராம், கையெழுத்துப் போடவில்லையாம். ஊசி போடாமலேயே அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விட்டாளாம். மறுநாளிலிருந்து நாத்தனாருக்கு வார்டு வேலை இல்லை, டோக்கன் கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

என் பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னாள் என்று தெரிந்தது. "நாலு வருசம் ஆச்சுங்களே அண்ணி, ஒரு கையெழுத்துக் கேக்க" என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு எத்தனை வாரம் என்று கேட்டேன். முப்பது என்றாள். நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். நாத்தனார் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துத் தேடத் தொடங்கினாள்.